இரும்புக் கேட்டும் இருபது ரூபாய்ப் பத்திரமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

சேர்வராயன் மலையில், ஏற்காடு நகரிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு கிராமத்தின் தனியார் தொடக்கப் பள்ளியில், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு மாலை, பள்ளி விடும் நேரத்தில், மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் மேல் வாசல் கேட் சரிந்து விழுந்தது. அவளுக்கு அப்போது வயது 8. தகப்பனார் காப்பி, மிளகு மூட்டை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். தாயார் எஸ்டேட்டில் பழம் பறிக்கும் வேலைக்குப் போகிறார். வழக்கு நிலுவையில் இருப்பதாலும் சிறுமி மைனர் என்பதாலும், ஊரையும் பள்ளியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு மற்றதை நடந்தபடி எழுதுகிறேன். சிறுமியின் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞர் நான். ஆகவே இது நடுநிலையான பார்வை அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கின் பாதி அதில்தான் இருக்கிறது. அது பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஸ்லைடிங் கேட். அடியில் இரண்டு சக்கரங்கள் தரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடும். மேலே சாயாமல் பிடித்துக்கொள்ளத் தூணில் இரண்டு உருளைகள் இருக்கும். தண்டவாளம் முடியும் இடத்தில், கேட் தாண்டி ஓடாதபடி ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் செய்து வைத்திருப்பார்கள். பட்டறைக்காரர்கள் அதை ஸ்டாப்பர் என்பார்கள். இந்தக் கேட்டில் அந்த ஸ்டாப்பர் இல்லை. அது இருந்த இடத்தில் துருவேறிய வெல்டிங் தடமும், அதற்குப் பக்கத்தில் ஒரு கருங்கல்லும்தான் இருந்தன. கல் விலகியிருந்த அன்று, நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து கேட்டைத் தள்ளியபோது அது உருளைகளை விட்டு வெளியே ஓடி, பிடிமானம் இல்லாமல் சாய்ந்தது. ஒரு ஸ்டாப்பரை வெல்டிங் செய்ய என்ன செலவாகும் என்று ஏற்காட்டுப் பட்டறை ஒன்றில் விசாரித்தேன். சொன்ன தொகை ஆயிரம் ரூபாய்க்குள்தான்.

சிறுமிக்கு இடது தொடை எலும்பு, முழங்காலுக்குச் சற்று மேலே முறிந்தது. ஏற்காடு அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டு, 108 வண்டியில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் பள்ளியின் ஆசிரியை. பெற்றோர் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அதற்குள் விபத்துப் பதிவேட்டில் காரணம் எழுதப்பட்டுவிட்டது: "பள்ளியில் விளையாடும்போது தவறிக் கீழே விழுந்ததாகக் கூறப்படுகிறது."

அந்த விபத்துப் பதிவேட்டின் நகல், ஏ.ஆர். காப்பி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்த ஒரு தாள்தான், குழந்தைகள் பள்ளியில் காயப்படும் வழக்குகளில் முதலில் சாய்ந்துவிடும் கல். ஆசிரியை வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்துபோயிருந்த ஓர் இளம்பெண், தாளாளரிடம் தொலைபேசியில் பேசிய பிறகு சொன்ன வாசகம் அது. ஆனால் அந்த வரி அப்படியே நின்றிருந்தால், பின்னால் எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து முதலில் அதைத்தான் வாசித்திருப்பார். தாயார் மறுநாள் காலை வார்டில் பணி மருத்துவரிடம், "கேட் விழுந்துச்சுங்க சார், எம்புள்ள கீழ விழுகல" என்று அழுதபடி சொன்னதை அந்த மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் "இரும்புக் கேட் மேலே விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்றே வந்தது. பதிவேட்டில் எழுதியதை அடித்துத் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. ஆனால் அதே மருத்துவமனையின் பிந்தைய பதிவில் சரியான விவரம் ஏறியிருப்பது, 24 மணி நேரத்துக்குள் ஏறியிருப்பது, எங்களுக்குப் பெரிய பலம்.

ஆறாம் நாள் தாளாளர் மருத்துவமனைக்கு வந்தார். மருந்துச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்குமாக 40,000 ரூபாய் கொடுத்தார். கூடவே இருபது ரூபாய் முத்திரைத் தாளில் தட்டச்சு செய்த ஒரு ஒப்பந்தத்தையும் நீட்டினார். சம்பவம் தற்செயலானது, பள்ளியின் மேல் எந்தக் குற்றமும் இல்லை, இனிமேல் எந்தக் காலத்திலும் எந்த நீதிமன்றத்திலும் எந்த உரிமையும் கோர மாட்டோம் என்று அதில் இருந்தது. தகப்பனார் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அங்கதானுங்க பெரிய பையனும் படிக்கிறான், எதுக்குங்க வம்பு" என்பதுதான் பிறகு என்னிடம் அவர் சொன்ன காரணம். இதைக் கேட்டு அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மலையில் அடுத்த பள்ளிக்கு எட்டு கிலோமீட்டர். பேருந்து ஒரு நாளைக்கு மூன்று முறை.

அவர்கள் என்னிடம் வந்தபோது அந்தப் பத்திரத்தால் எல்லாமே முடிந்துவிட்டதென்று நம்பியிருந்தார்கள். பள்ளி நிர்வாகமும் அப்படித்தான் நம்பியது. இருவருக்கும் தெரியாத சட்டம் இது: 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8வது பிரிவின்படி, இயற்கைக் காப்பாளரான தகப்பனார் மைனரின் நன்மைக்குத் தேவையானதைச் செய்யலாம், ஆனால் தம் சொந்த வாக்குறுதியால் மைனரை எந்த நிலையிலும் கட்டுப்படுத்த முடியாது. வழக்கு தொடுத்த பிறகு சமரசம் செய்வதானாலும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 32, விதி 7இன்படி, அந்தச் சமரசம் மைனரின் நலனுக்கு உகந்ததுதான் என்று நீதிமன்றம் பதிவுசெய்து அனுமதி தர வேண்டும். அனுமதி இல்லாத சமரசத்தை மைனர் தள்ளுபடி செய்யக் கோரலாம். ஆகவே அந்த இருபது ரூபாய்ப் பத்திரம், தகப்பனார் 40,000 ரூபாய் வாங்கியதற்கான ரசீது என்ற அளவில்தான் செல்லும். அந்தத் தொகையைப் பிறகு வரும் இழப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். சிறுமியின் உரிமையை அது தொடாது.

காலத்தைப் பொறுத்தவரையிலும் இதே வேறுபாடு உண்டு. பல வழக்கறிஞர்களே இதில் தடுமாறுகிறார்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் இத்தகைய இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். ஆனால் 6வது பிரிவும் 8வது பிரிவும் சேர்ந்து, பாதிக்கப்பட்டவர் மைனராக இருந்தால் அவர் 18 வயது முடிந்த பிறகு 3 ஆண்டுகள் வரை வழக்கிட இடம் தருகின்றன. இந்தச் சிறுமி 2037 வாக்கில்கூட வழக்குப் போட முடியும். ஆனால் தகப்பனார் தம் கையிலிருந்து செலவழித்த மருத்துவப் பணத்தைக் கேட்பதானால் அவர் மைனர் அல்ல. அவருக்கு 3 ஆண்டுகள்தான். குற்ற வழக்கிலும், 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க 3 ஆண்டு வரம்பு இருக்கிறது.

இவ்வளவு நீண்ட காலம் சட்டத்தில் எதற்காக இருக்கிறது என்பதற்கு இந்தக் காலே சான்று. முழங்காலுக்கு மேலே தொடை எலும்பின் கீழ்முனையில், வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் அந்த ஓரிடத்திலிருந்துதான் வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர். முறிவு அந்தத் தட்டைக் குறுக்கே கடந்திருந்தது. கம்பி வைத்து எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரேயில் பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் வளர்ச்சித் தட்டு சேதப்பட்டிருந்தால் வலது கால் வளர, இடது கால் பின்தங்கும். அல்லது ஒரு பக்கம் மட்டும் வளர்ந்து முழங்கால் கோணலாகும். பெண் குழந்தைகளுக்கு அந்தத் தட்டு சுமார் 14 வயதில் மூடுகிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு அதுவரை ஆறு ஆண்டுகள் இருந்தன. முழுச் சேதமென்றால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வித்தியாசம் வரலாம். இதைக் கூட்டிப் பார்த்தால், ஆறாம் நாள் 40,000 ரூபாய்க்கு யார் எதைத் தீர்த்துக்கொண்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் சட்டம் தரும் அவகாசத்தைச் சாட்சியங்கள் தருவதில்லை. அவர்கள் என்னிடம் வந்த முதல் வாரத்தில் நாங்கள் செய்ததெல்லாம் வழக்குக்காக அல்ல, பொருள்கள் மறையாமல் இருப்பதற்காக. பள்ளியின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கும்படி பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினோம். அந்தக் கருவிகளில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். கேட்டின் படங்களை எடுத்தோம். எடுத்தது நல்லதாயிற்று, பத்தாம் நாள் புதிய ஸ்டாப்பர் பளபளவென்று வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு வாட்ஸாப் செய்தி. விபத்துக்கு நான்கு வாரங்களுக்கு முன், வகுப்புப் பெற்றோர் குழுவில் இன்னொரு பிள்ளையின் தாய், "கேட்டு ஆடுது, யாராச்சும் பாருங்க மிஸ்" என்று எழுதியிருந்தார். வகுப்பாசிரியை கட்டைவிரல் குறியிட்டிருந்தார். இதை ஸ்க்ரீன்ஷாட்டாக அச்சடித்துக் கொடுத்தால் போதாது. 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழ் வேண்டும். அந்தத் தாயின் கைபேசியிலிருந்து அதை முறைப்படி எடுத்துவைத்தோம். அந்தக் கட்டைவிரல் குறியைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் அரை நாள் பேச வேண்டியிருக்கும்.

இன்னொரு வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியருக்கும் கல்வி அலுவலகத்துக்கும் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு. தனியார் பள்ளி நேரடியாக அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் அது அரசிடம் கொடுத்திருக்கும் தாள்கள் வரும். தமிழ்நாட்டில் ஒரு பள்ளி இயங்க, கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை நடப்பில் இருக்க வேண்டும். இதில் கட்டட உரிமத்தை 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்படி வட்டாட்சியர் தருகிறார். இந்தத் தாள்கள் எவ்வளவு கனமானவை என்பது 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து இறந்த பிறகுதான் நமக்கு உறைத்தது. பாதுகாப்பான பள்ளி என்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2009இல் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் சொன்னதும் அந்தத் தீயிலிருந்து வந்ததே. 2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தபோது நாம் மறுபடியும் அதே தாள்களைத் தேடினோம்.

காவல் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. இது முதல் தகவல் அறிக்கை அல்ல, புகார் வந்தது என்பதற்கான சீட்டு. எலும்பு முறிவு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 116வது பிரிவின்படி கொடுங்காயம்; அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவது 125(ஆ) பிரிவில் 3 ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறத்தக்கது. இத்தகைய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியோடு 14 நாள்களுக்குள் பூர்வாங்க விசாரணை நடத்தும் வழி நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3)இல் காவல்துறைக்கு உண்டு. அதைக் காரணம் காட்டி நாள் கடத்தினார்கள். 173(4)இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு அனுப்பிய பின் வழக்குப் பதிவானது. பதிவாகியிருக்காவிட்டால் 175(3)இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போயிருப்போம்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 75வது பிரிவையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை வேண்டுமென்றே புறக்கணித்தால் வரும் பிரிவு அது, தண்டனை கூடுதல். வெறும் கவனக்குறைவுக்கு இது பொருந்தாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எச்சரிக்கை கையில் கிடைத்த பிறகும் நான்கு வாரங்கள் சும்மா இருந்தது வெறும் கவனக்குறைவா என்பதே எங்கள் வாதம். தோற்கவும் கூடும். ஆனால் ஒரு பள்ளி ஆசிரியையைச் சிறைக்கு அனுப்புவது இந்தக் குடும்பத்தின் நோக்கமும் அல்ல, என் நோக்கமும் அல்ல. வழக்கில் தாளாளரும் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையும் எதிரிகளாக இருக்கிறார்கள், ஆசிரியை சாட்சி.

பணத்துக்கு எங்கே போவது என்பதில்தான் குடும்பங்கள் தவறான கதவைத் தட்டுகின்றன. கட்டணம் குறைவு, வேகம் அதிகம் என்பதால் நுகர்வோர் ஆணையத்தையே எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல், நம் சேலத்து விநாயகா மிஷன் பல்கலைக்கழகம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கில், கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும், சுற்றுலா, நீச்சல், விளையாட்டு போன்றவையும் அப்படியே என்றும் முடிவு செய்தது. அது உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. ஆனால் 2006இல் தில்லிச் சுற்றுலாவில் மூளைக்காய்ச்சல் கண்டு முடங்கிய பெங்களூருப் பள்ளி மாணவிக்கு நுகர்வோர் வழக்கிலேயே சுமார் 88.73 லட்சம் ரூபாயை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் நடந்திருக்கிறது. இப்படிக் கலங்கிய குட்டையில் ஒரு குழந்தையின் காலை நம்பி இறங்க எனக்குத் துணிவில்லை.

அரசுப் பள்ளியாக இருந்திருந்தால் அரசியல் சட்டத்தின் 226வது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டிருப்பேன். 1995இல் பியாஸ் ஆற்றில் பள்ளிச் சுற்றுலாவில் 14 மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கில், தலா 5 லட்சம் ரூபாய் வழங்கிய உயர் நீதிமன்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2001இல் உறுதி செய்தது. அது தனியார் பள்ளிதான். ஆனாலும் உண்மை விவரத்தில் தகராறு இருந்தால் ரிட்டில் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள், இங்கே ஏ.ஆர். காப்பியே தகராறு. பள்ளி வேனில் அடிபட்டிருந்தால் கதை வேறு: மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், காப்பீட்டு நிறுவனம், 6 மாதத்துக்குள் மனு. மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதினோம். அது பரிந்துரைக்கும், ஆவணங்களை வரவழைக்கும், ஆனால் பணம் வாங்கித் தராது.

ஆகவே சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் சாதாரண இழப்பீட்டு வழக்கு. வாதி மைனர், தாயார் கார்டியன். தகப்பனாரைக் கார்டியனாகப் போடாததற்குக் காரணம் அந்தப் பத்திரம்தான். நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம். 40 லட்சம் கேட்டால் 1,20,000 ரூபாய். மலையில் கூலி வேலை செய்யும் குடும்பம் இதைக் கட்ட முடியாது என்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 33இன் கீழ், வறியவர் என்ற முறையில் கட்டணமின்றி வழக்கிட அனுமதி கேட்டோம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12வது பிரிவில் குழந்தை, பெண், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அதே வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது, தொலைபேசியில் 15100.

எவ்வளவு கேட்பது? வேலைக்குப் போகாத எட்டு வயதுக் குழந்தைக்கு வருமான இழப்பு எது என்று எதிர்த்தரப்பு கேட்கும். 2020இல் காஜல் வழக்கில், விபத்தில் முழு ஊனமடைந்த 12 வயதுச் சிறுமிக்கு, திறன்மிகு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாகக் கொண்டு, எதிர்கால உயர்வையும் சேர்த்து, அந்த ஆண்டு வருமானத்தை 18ஆல் பெருக்கி, உதவியாளர் செலவும் கூட்டி, 62 லட்சத்துக்கு மேல் உச்ச நீதிமன்றம் வழங்கியது. மோட்டார் வழக்குதான், ஆனால் குழந்தையின் நாளையைக் கணக்கிடும் முறை அங்கேதான் தெளிவாக இருக்கிறது. எங்கள் சிறுமியின் ஊனம் அந்த அளவுக்கு இல்லை. ஊன சதவீதத்தை இப்போதே குறித்தால் குறைவாக வரும். காத்திருந்தால் சாட்சிகள் கலைவார்கள். ஒரே காரணத்துக்கு இரண்டாவது வழக்குப் போடவும் அதே நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 2, விதி 2 இடம் தராது. நீண்ட யோசனைக்குப் பிறகு, இப்போதே தாக்கல் செய்து சாட்சியத்தைப் பதிவுசெய்துகொள்வது, எதிர்கால அறுவைச் சிகிச்சையைத் தனித் தலைப்பாகக் கேட்பது, வளர்ச்சி தெளிந்ததும் வழக்குரையைத் திருத்த மனுச் செய்வது என்று முடிவெடுத்தேன். இது தவறாகவும் முடியலாம்; மூத்தவர் ஒருவர் காத்திருக்கச் சொன்னார்.

கடைசியாக எடுத்த அளவுப் படத்தில் இடது கால் 1 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. தாயார் கேட்ட முதல் கேள்வி இழப்பீட்டைப் பற்றியது அல்ல, செருப்பைப் பற்றியது. இப்போது சிறுமியின் இடது செருப்புக்கு அடியில், சேலம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒட்டிக்கொடுத்த கறுப்பு ரப்பர் அட்டை ஒன்று இருக்கிறது. போன வாய்தாவுக்கு வந்தபோது அந்தச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, ரசீதையும் சேர்த்துக் கட்டி, "இதையும் சாட்சியில வைக்கலாங்களா" என்று கேட்டார். வைத்திருக்கிறோம்.